விலக்கு: தடையா, சலுகையா?

கேள்வி: 'வரிவிலக்கு' என்றால் வரி கட்ட வேண்டாம் என்ற சலுகை. 'மதுவிலக்கு' என்றால் மது கூடவே கூடாது என்ற தடை. ஒரே சொல் எதிரெதிரான இரண்டு பொருளைத் தருவது குழப்பம்தானே? உங்கள் இதழாவது 'மதுத்தடை' என்று திருத்தி எழுதக் கூடாதா?

பதில்: மாட்டோம். நீங்கள் பிழை என்று நினைக்கும் சொல்லில் பிழையே இல்லை.

விலக்குவது என்றால் ஒன்றை அகற்றுவது, ஒதுக்குவது. திரையை விலக்குகிறோம். கட்டிப் புரண்டு அடித்துக்கொள்ளும் இருவரை விலக்கிவிடுகிறோம். வரிவிலக்கில் அகற்றப்படுவது வரி. மதுவிலக்கில் அகற்றப்படுவது மது. இரண்டு தொடரின் அமைப்பும் ஒன்றுதான். வரி சுமை, அதனால் அது அகன்றால் சலுகை என்கிறோம். மது சிலர் நாடிப் போகும் பொருள், அதனால் அது அகன்றால் தடை என்கிறோம்.

தடுத்தல் என்ற பொருளும் நேற்று வந்ததல்ல. ஆத்திசூடியின் நான்காம் அடி 'ஈவது விலக்கேல்'. ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பதைத் தடுக்காதே என்கிறார் ஔவையார். திருக்குறள் உரையின் தொடக்கத்தில் பரிமேலழகர், மனு முதலிய நூல்களில் 'விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும்' அறம் என்கிறார். எந்த நூல் விதித்தது என்பதில் எனக்கு அவரோடு உடன்பாடு கிடையாது, சொல்லாட்சிக்காகவே காட்டுகிறேன். செய் என்றது விதி, செய்யாதே என்றது விலக்கு. இன்று 'விதிவிலக்கு' என்று சேர்த்துச் சொன்னால் விதிக்குள் அடங்காதது என்று ஆகிவிட்டது. ஆனால் 'விலக்கப்பட்ட கனி'யில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் தொடங்கியதும் மதுவிலக்குதான். தமிழ்நாடு அரசின் துறைப் பெயரிலும் அந்தச் சொல்லே நிற்கிறது.

சரி, 'மதுத்தடை' என்று எழுதினால் தெளிவு வந்துவிடுமா? 'மின்தடை' என்றால் என்ன புரிகிறது? கொஞ்ச நேரம் மின்சாரம் இல்லை, அப்புறம் வரும். நீதிமன்றம் 'இடைக்காலத் தடை' விதித்தது என்றாலும் தற்காலிக நிறுத்தம்தான். தடை என்ற சொல்லிலும் இத்தனை வகை இருக்கிறது.

உண்மையான குழப்பம் வேறிடத்தில் நடக்கிறது, அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 'ஊர்விலக்கு' என்ற சொல்லைப் பாருங்கள். அங்கே அகற்றப்படுவது ஊர் அல்ல, ஊரிலிருந்து ஒரு மனிதர். ஆக, விலக்கப்படுவது சுமையா, ஆளா என்று பார்த்து எழுத வேண்டும். அதைக் காட்டிக்கொடுப்பது வேற்றுமை உருபு. 'அவருக்குத் தேர்விலிருந்து விலக்கு அளித்தார்கள்' என்றால் அவர் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. 'அவரைத் தேர்விலிருந்து விலக்கினார்கள்' என்றால் அவர் எழுதவே முடியாது. 'கு' இருந்த இடத்தில் 'ஐ' வந்ததும் சலுகை தண்டனையாகிவிட்டது.

எங்களுக்கு வரும் கட்டுரைகளில் இந்தத் தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது. 'கர்ப்பிணி ஊழியர்கள் இரவுப் பணியிலிருந்து விலக்கப்பட்டனர்' என்று ஒருவர் எழுதுகிறார். அவர் சொல்ல வந்தது 'விலக்கு அளிக்கப்பட்டது' என்பதை. விலக்கு அளித்தால், விரும்பும் பெண் இரவுப் பணிக்குப் போகலாம், யாரும் தடுக்க முடியாது. விலக்கிவிட்டால் அவள் விரும்பினாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அவளுடைய உரிமை ஒரு வினைச்சொல்லில் பறிபோகிறது. அதனால்தான் மதுவிலக்கை விட்டுவிட்டு, 'விலக்கப்பட்டனர்' என்று வரும் இடங்களில் எல்லாம் நாங்கள் பேனாவோடு உட்காருகிறோம்.