பரணில் கிடைத்த பழைய முத்து காமிக்ஸை ஏலத்தில் விடலாமா?

நாகர்கோவில் வீட்டுப் பரணில் முத்து காமிக்ஸ் கட்டு கிடைத்தது, ஏலம் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடலாம். ஆனால் கிழிசலைச் செல்லோடேப்பால் ஒட்டிவிடாதீர்கள். பசை மஞ்சளாகித் தாளில் ஊறும், கிழிசலைவிட அதுதான் விலையைக் கெடுக்கும். நம்மூரில் இரண்டு பருவமழையும் உண்டு, குளச்சல் பக்கமென்றால் உப்புக்காற்று வேறு. தாள்களைப் பிணைக்கும் ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்து நடுத்தாளை அரித்திருக்கும். சுரண்டாமல் அப்படியே படமெடுத்துக் காட்டுங்கள், மறைத்தால் புத்தகம் திரும்பி வரும். பி.வி.சி உறை வேண்டாம். பாலியெஸ்டர் உறையும் அமிலமற்ற அட்டையும் போதும்.

முதல் பதிப்பா மறுபதிப்பா என்று அறிய இதழ் எண்ணைப் பாருங்கள். 1972இல் சிவகாசியில் தொடங்கிய வரிசை இது; இரும்புக்கை மாயாவி போன்ற கதைகள் மறுபதிப்பாகவும் வந்தன.

கட்டுக்குள் தனி ஓவியத் தாள் இருந்தால் லென்ஸ் வையுங்கள். அச்சுப் புள்ளிகள் தெரிந்தால் நகல். மைக்கடியில் பென்சில் கோடும் வெள்ளைப் பூச்சுத் திருத்தமும் தெரிந்தால் கையால் வரைந்தது. அதைத் தனியாக, குறைந்தபட்ச விலை வைத்து விடுங்கள்.