காசிக்கு அம்மாவை அழைத்துப் போகிறீர்களா? கடைசி அரை கிலோமீட்டரை முதலில் யோசியுங்கள்

சென்னை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்கு 48 வயது. 72 வயது அம்மாவையும் கணவரையும் கூட்டிக்கொண்டு காசி போக வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம். ரயிலா, விமானமா? ஊருக்குள் எதில் போவது? படகில் போனால் நடை மிச்சமாகுமா?"

படகில் போனால் நடை மிச்சமாகும், ஆனால் படிகள் கூடிவிடும். காசியில் கங்கை கீழே, ஊர் மேலே. படகில் லலிதா காட் என்ற படித்துறையில் இறங்கி கங்கை வாசல் வழியாக விஸ்வநாதர் கோயிலுக்குப் போவது பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. ஆனால் ஆற்று மட்டத்திலிருந்து அவ்வளவு படியும் ஏற வேண்டியிருக்கலாம். உங்கள் அம்மாவுக்கு அது வேண்டாம். சாலை வழியாக, ஞானவாபி பக்கம் இருக்கும் 4-ஆம் வாசலுக்குப் போங்கள்.

ஆனால் சாலை வழியிலும் வண்டி கோயில் வாசல் வரை போகாது. ஒரு பக்கம் கோதௌலியா, மறுபக்கம் மைதாகின். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் இறக்கி விட்டுவிடுவார்கள், அதற்கு மேல் கூட்டத்தோடு நடைதான். இளைஞர்களுக்கு இது ஒரு தூரமே இல்லை. முழங்கால் வலிக்காரருக்கு அங்கேதான் பாதி நாள் போய்விடும். அதனால் விடியற்காலையில், கூட்டமும் வெயிலும் ஏறுவதற்கு முன் கிளம்புங்கள். சக்கர நாற்காலி பற்றித் தங்குமிடத்தில் முதல் நாளே பேசி வையுங்கள்.

தங்குமிடத்தையும் இதே கணக்கில்தான் தேட வேண்டும். "கங்கையைப் பார்த்த அறை" என்று விளம்பரம் செய்யும் பல விடுதிகளுக்கு இரண்டு பேர் உரசாமல் நடக்க முடியாத சந்துகள் வழியாகத்தான் போக வேண்டும். அதிலேயே மாடு வரும், பைக்கும் வரும். பெட்டியும் கையில், அம்மாவும் கையில் என்று அந்தச் சந்தில் போவது பெரிய பாடு. நம்மவர்கள் அதிகம் தங்கும் அனுமன் காட், கேதார் காட் பகுதிகளில் சாப்பாடும் தமிழ்ப் பேச்சும் கிடைக்கும், சோனார்புரா சாலை வரை ஆட்டோ வரும். அங்கிருந்து சந்து எவ்வளவு தூரம், எத்தனை படி என்று போனில் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். 1813-இல் தொடங்கிய நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் கோதௌலியா பக்கம் இருக்கிறது. கோயிலுக்கு அருகே தங்க நினைத்தால் முதலில் அங்கே விசாரிக்கலாம்.

ரயிலில் போவதானால் கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் சென்னை சென்ட்ரலிலிருந்து வாரம் இரண்டு நாள் வாரணாசி ஜங்ஷனுக்குப் போகிறது. கன்னியாகுமரியிலிருந்து சென்னை எழும்பூர் வழியாக வாரம் ஒரு முறை, காசியிலேயே உள்ள பனாரஸ் ஸ்டேஷனுக்குப் போகும் காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் 2023 டிசம்பரில் வந்தது. எதில் போனாலும் ஒன்றரை நாளாவது ஆகும். பெங்களூரிலிருந்து பெரம்பூர் வழியாகத் தினமும் போகும் சங்கமித்ரா, வாரணாசிக்குள் நுழையாது. கங்கைக்கு அக்கரையில் உள்ள தீன் தயாள் உபாத்யாய ஜங்ஷனில், அதாவது பழைய முகல்சராயில் இறங்க வேண்டும். அங்கிருந்து டாக்ஸியில் ராஜ்காட் பாலம் ஏறி வரலாம். 1887-இல் திறந்த இரட்டை அடுக்குப் பாலம் அது, கீழே ரயில், மேலே சாலை. நெரிசல் நேரத்தில் மாட்டினால் ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும்.

அம்மா படுத்துக்கொண்டு வரலாம் என்பதால் என் ஓட்டு ரயிலுக்குத்தான். டிக்கெட் எடுக்கும்போது ஒரு விஷயம்: லோயர் பெர்த் கோட்டாவில் 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இடம் உண்டு, ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் வரைதான். எனவே நீங்களும் அம்மாவும் ஒரு டிக்கெட், உங்கள் கணவர் தனி டிக்கெட்.

இரண்டு இரவை ரயிலில் கழிக்க முடியாது என்றால் விமானம். பாபத்பூர் விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். நேரே டாக்ஸி எடுத்துவிடுங்கள். டிசம்பர் பாதிக்கு மேல் ஜனவரி முழுக்கப் பனிமூட்டம், ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். மழைக்காலத்தில் கங்கை பொங்கினால் படகையே நிறுத்திவிடுவார்கள். அக்டோபர், நவம்பர், அல்லது பிப்ரவரி, மார்ச் நல்லது. கூட்டம் அலைமோதும் சிவராத்திரியும், கார்த்திகைப் பௌர்ணமியில் வரும் தேவ தீபாவளியும் அம்மாவோடு வேண்டாம்.

ஊருக்குள் பேட்டரி ரிக்‌ஷாதான் ராஜா. ஷேர் வண்டி மலிவு, ஆனால் ஆள் சேரும் வரை நகராது. அம்மா இருப்பதால் முழு வண்டியும் பேசிக்கொள்ளுங்கள், ஏறுவதற்கு முன்பே, மொத்தமா ஆளுக்கா என்று தெளிவாகக் கேட்டு.

அப்புறம், படகை விட்டுவிடச் சொல்லவில்லை. காலையில் சூரியன் எழும்போது ஆற்றிலிருந்து படித்துறைகளைப் பார்க்காமல் வந்தால் காசி போனதாகவே ஆகாது. ஏறும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். ராஜ்காட் அருகில் உள்ள நமோ காட் படித்துறையில் சாய்தளம் இருக்கிறது, வண்டியும் பக்கத்தில் வந்து நிற்கும். அங்கே ஏறி, மணிகர்ணிகா, தசாஸ்வமேதம், கேதார் எல்லாவற்றையும் படகில் இருந்தபடியே பார்த்துவிட்டு, அங்கேயே திரும்பி இறங்குங்கள். போக, வர இரண்டுக்கும் சேர்த்து வாடகை பேசுங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாதீர்கள்.

கயா சிராத்தமும் செய்வதானால் சுமார் 250 கிலோமீட்டர். காரில் உட்கார்ந்தே போவதை விட முகல்சராய் போய் ரயில் பிடித்தால் அம்மாவின் முழங்காலுக்கு நல்லது. நடுவில் ஒரு நாள் முழு ஓய்வு கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.