பதினோரு நாளைக் கொண்டாடலாமா?

கேள்வி: எனக்கு 39 வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். பதினெட்டு வருஷமாக தம் அடித்தவன். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது ஆகும். விட்டு இன்றோடு 11 நாள். தினமும் கிழிக்கும் காலண்டர் தாளின் பின்பக்கம் 9, 10, 11 என்று எழுதி என் மகள் சேர்த்து வைக்கிறாள். ஒரு மாதம் ஆனதும் கேக் வெட்டணும் என்கிறாள். அம்மாவோ, 'வெளியில சொல்லாதடா, கண்ணு பட்டுடும்' என்கிறார். பட்டறையில், 'பதினோரு நாளெல்லாம் ஒரு கணக்கா? ஒரு வருஷம் இருந்துட்டு வந்து சொல்லு' என்று சிரிக்கிறார்கள். எனக்கே கூச்சமாக இருக்கிறது. இவ்வளவு சீக்கிரம் கொண்டாடலாமா?
- வாசகர், கொரட்டூர்

பதில்: அன்புள்ள தம்பி,

தாராளமாகக் கொண்டாடுங்கள். ஒரு வருஷம் ஆகட்டும் என்று காத்திருக்கவே வேண்டாம்.

சிகரெட்டை விட்டவர்கள் மறுபடி அதைக் கையில் எடுப்பது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான். நிகோடின் கிடைக்காத உடம்பு முதல் இரண்டு மூன்று நாளில்தான் ரொம்பப் படுத்தும். தூக்கம் கெடும், சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும், வேலையில் மனசு நிற்காது. மூன்று நான்கு வாரத்தில் இதெல்லாம் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியென்றால் தட்டிக்கொடுக்க ஆள் வேண்டியது எப்போது? இப்போதுதானே. ஒரு வருஷம் தாண்டியவருக்கு யார் கை தட்டினாலும் தட்டாவிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. பதினோராம் நாளில் இருப்பவருக்கு அது தேவை.

உங்கள் உடம்பும் ஒரு வருஷம் காத்திருக்கவில்லை. கடைசி சிகரெட்டை அணைத்த 20 நிமிஷத்தில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்க ஆரம்பித்துவிட்டன. 12 மணி நேரத்தில் ரத்தத்தில் இருந்த கார்பன் மோனாக்சைடு சாதாரண அளவுக்கு வந்துவிட்டது. இரண்டு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் ரத்த ஓட்டம் சீராகும், நுரையீரல் நன்றாக வேலை செய்யும். இருமலும் மூச்சு வாங்குவதும் குறைய ஒன்றிலிருந்து ஒன்பது மாதம் வரை ஆகலாம். அதனால் இப்போது இருமல் கொஞ்சம் கூடினாலும், 'விட்டதால்தான் இருமல் வந்தது' என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு வருஷத்தில், மாரடைப்பு போன்ற இதயநோய் வரும் அபாயம் புகைப்பவருக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதியாகிவிடும். பட்டறைக்காரர்கள் கேட்ட அந்த ஒரு வருஷத்துக்கும் மரியாதை உண்டு, அன்றைக்கும் கொண்டாடுங்கள்.

மகள் எழுதும் எண்கள் அருமை. அதோடு இன்னொன்றையும் அந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள். நாள் தானாக நகர்ந்துவிடும். சிகரெட்டோடு சேர்ந்து பழகிய வேளைகள்தான் ஒவ்வொன்றாக வந்து சோதிக்கும். தம் இல்லாத முதல் நைட் ஷிஃப்ட், முதல் சம்பள நாள், மேஸ்திரி திட்டிய பிறகு பிடிக்காமல் இருந்த முதல் அரைமணி நேரம். சாவு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்திலிருப்பவர் பேசாமல் பாக்கெட்டை நீட்டுவார். அன்றைக்கு 'வேண்டாண்ணே' என்று சொல்லிவிட்டு வந்தீர்களானால், அது எத்தனையாவது நாளாக இருந்தாலும் கொண்டாட வேண்டிய நாள்தான். என்னைக் கேட்டால், எண்ணை விட இதைத்தான் பெரிய எழுத்தில் எழுதணும்.

இதில் பெரிய சோதனை டீக்கடை. கிளாஸை ஒரு கையில் வாங்கியதும் இன்னொரு கை சட்டைப் பைக்குப் போகும். பக்கத்திலேயே நூலில் கட்டிய லைட்டர் தொங்கும். அதனால் சிகரெட் பிடித்த கையிலேயே கிளாஸை வாங்குங்கள், கடையை ஒட்டி நிற்காமல் தள்ளி வந்து குடியுங்கள். ஆசை எழும்பினால் அதன் உச்சம் சில நிமிஷம்தான், டீ தீருவதற்குள் இறங்கிவிடும். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: புகைக்கிறவர் உடம்பு காபி, டீயில் உள்ள காஃபினைச் சீக்கிரம் கரைத்துவிடும். விட்டதும் அந்த வேகம் குறையும். அதே நாலு டீ குடித்தாலும் காஃபின் முன்பை விட அதிக நேரம் ரத்தத்தில் நிற்கும். படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் சிகரெட் இல்லாததால்தான் என்று நினைத்துக்கொள்வோம், பாதிக் காரணம் டீயாக இருக்கும். பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

அம்மா சொல்வதை ஒதுக்காதீர்கள். ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்ள வேண்டாம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வேண்டாம். வீட்டிலும் உங்களைச் சீண்டாத இரண்டு நண்பர்களிடமும் சொன்னால் போதும். சொன்ன இடத்தில் ஒரு பொறுப்பு வந்துவிடும், கஷ்டமான நேரத்தில் போன் போடவும் ஆள் இருக்கும். ஒரு மாதம் ஆகும் அன்று சாயங்காலம் அம்மாவையே உப்பு மிளகாய் சுற்றிப் போடச் சொல்லுங்கள். பிள்ளை நல்லா இருக்கணும் என்பதுதானே அவர் கவலை, அதுவும் கொண்டாட்டத்தில் சேரட்டும்.

பணத்தைக் கண்ணால் பார்ப்பதும் உதவும். உங்கள் கணக்குக்கு ஒரு நாளைக்கு 150 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 4,500 வருகிறது. மனசுக்குள் கணக்குப் போட்டால் அது வீட்டுச் செலவில் காணாமல் போய்விடும். தினமும் ராத்திரி நோட்டாகவே உண்டியலில் போடுங்கள். அந்தப் பணம் எதற்கு என்று இப்போதே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். கேக் செலவும் அதிலிருந்தே போகட்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 'ஒரு மாசம் இருந்தாச்சு, இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு' என்ற நினைப்பு கொண்டாட்ட நாளில்தான் வரும். அதனால் அந்த நாளை நண்பர்களோடு குடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், குடித்த நேரத்தில் கை தானாக நீளும். அப்படியும் ஒன்று பிடித்துவிட்டால் காலண்டர் தாள்களைக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். அத்தனை நாள் இருந்தது இருந்ததுதான். பாக்கெட் வாங்காமல் அந்த ஒன்றோடு நிறுத்துங்கள். எந்த வேளையில், யாரோடு இருக்கும்போது நடந்தது என்று தாளில் எழுதிவிட்டு, அடுத்த நாள் எண்ணைத் தொடருங்கள்.

ஆசை தாங்க முடியவில்லை என்றால் மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் கிடைக்கும். சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரியும்வரை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்கணும். டீ, காபி குடித்த உடனே போட்டால் சரியாக வேலை செய்யாது, கால் மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பிரஷர், இதயக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்கணும். சிகரெட் அட்டையிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண் புகையிலையை விட உதவும் தேசிய சேவை, கட்டணம் கிடையாது. நேரில் பேச வேண்டுமென்றால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது.

கூச்சத்தை விடுங்கள். அடுத்த சம்பள நாள் எந்தக் கிழமை வருகிறது என்று இன்றைக்கே பாருங்கள். அன்று சாயங்காலம் வழக்கமான கூட்டத்தோடு நிற்காமல் நேராக வீட்டுக்கு வந்து, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு டிபன் சாப்பிடப் போங்கள். முதல் கொண்டாட்டமாக அதை வைத்துக்கொள்ளலாம், கேக் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.