காணொளித் தளத்தின் டேட்டா செலவு: பதில்
வணக்கம். உங்கள் பாடக் காணொளித் தளத்தில் சேமிப்பிடத்தைவிட, அனுப்பும் டேட்டாவுக்கே பில் எகிறுகிறது, நெட்ஃபிளிக்ஸ் எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்நிறுவனம் பயனர் கணக்கு, பரிந்துரை போன்றவற்றை அமேசானின் கிளவுடில் (இணையவழி வாடகைக் கணினிகளில்) இயக்கினாலும், படங்களை அங்கிருந்து அனுப்புவதில்லை. 2012-இல் அறிவித்த ஓப்பன் கனெக்ட் திட்டத்தின்படி, தன் சர்வர் பெட்டிகளை இணையச் சேவை நிறுவனங்களுக்கே இலவசமாகக் கொடுத்து, கூட்டம் குறைந்த நேரத்தில் அவற்றில் படங்களை நிரப்பிவைக்கிறது. ஆகவே அதன் பெருஞ்செலவு படைப்புகளுக்கே, 2023-இல் சுமார் 1,300 கோடி டாலர்.

அந்த வழி உங்களுக்கு எட்டாது. ஆனால் எச்.டி. காணொளி மணிக்கு 3 ஜிபி வரை இழுப்பதால், ஆயிரம் மாணவர்கள் மாதம் 20 மணி நேரம் பார்த்தால் 60,000 ஜிபி ஆகிவிடும். கரும்பலகை எழுத்து, எச்.டி.-யைவிடக் குறைந்த டேட்டா இழுக்கும் 480பி படத்தரத்திலேயே பெரும்பாலும் தெளிவாகத் தெரியும் என்பதால், முதலில் அதையே இயல்புநிலையாக வையுங்கள்.