உம்மாவின் ஒபரேஷனுக்கு என் கையெழுத்து செல்லுமா?

கேள்வி: உம்மாவுக்கு 61 வயது. சென்ற மாதம் திருகோணமலையில் ஓர் அரச வைத்தியசாலையில் குடலிறக்கத்துக்கு ஒபரேஷன் நடந்தது. முழு மயக்கம் தருவதாகத்தான் கிளினிக்கில் சொன்னார்கள். தியேட்டருக்குள் முதுகில் ஊசி போட்டிருக்கிறார்கள். பிறகு பல நாட்கள் எழும்பி உட்கார முடியாத தலையிடி. ஆங்கிலத்தில் இருந்த சம்மதப் படிவத்தில் ஒப்பமிட்டது நான். உம்மா அப்போது உள்ளே கட்டிலில் கதைத்துக்கொண்டுதான் இருந்தார். நஷ்டஈடு கேட்கலாமா ஐயா? – கிண்ணியா வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு முறைப்பாடுகள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது தலையிடி. முதுகில் ஊசி போட்ட இடத்தில் தண்டுவட உறையிலிருந்து நீர் கசிந்தால், எழும்பும்போது கூடிப் படுத்தால் தணியும் தலையிடி வரும். கவனமாகப் போட்ட ஊசியிலும் இது வரக்கூடும். ஆகவே இதை மட்டும் காட்டிக் கவனயீனம் என்று வழக்காடினால் எடுபடாது.

உங்கள் பக்கம் பலமாக இருப்பது இரண்டாவதில், அதாவது சம்மதத்தில். சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த ஒருவருக்காகச் சம்மதம் கொடுக்க மகனுக்கோ கணவனுக்கோ சட்டத்தில் அதிகாரம் இல்லை. "வீட்டு ஆம்பிளை யாரும் வந்திருக்கிறாங்களா?" என்று வார்ட்டு வாசலில் கேட்பது நம் பக்கத்தில் வழமைதான். ஆனால் அந்த வழமைக்குச் சட்டத்தில் இடமில்லை. நினைவிழந்தவரின் உயிரைக் காக்கச் செய்யும் அவசர சிகிச்சை வேறு கதை. உம்மாவுடையதோ திகதி குறித்துச் செய்தது. மயக்க முறையை மாற்றியதற்கு மருத்துவக் காரணம் இருந்திருக்கலாம், அதையும் அவரிடமே சொல்லியிருக்க வேண்டும். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்லும்போது, ஆங்கிலப் படிவத்தை நீட்டி ஒப்பம் வாங்கியதும் கேள்விக்குரியதே.

நோயாளியிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பதில், நமக்கும் தென்னாபிரிக்காவுக்கும் பொதுவான அடிப்படைச் சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டத்துக்குத் துணை வருவது 1994இல் தென்னாபிரிக்க நீதிமன்றம் தீர்த்த காஸ்டெல் எதிர் டி கிரீஃப் வழக்கு. நோயாளியின் நிலையில் இருக்கும் நியாயமான ஒருவர் பொருட்படுத்தக்கூடிய ஆபத்தைச் சொல்லியாக வேண்டும் என்பது அதன் சாரம். இந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டி வாதாடலாம்.

பெரிய நஷ்டஈட்டை நம்பி வழக்குக்கு இறங்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். குழந்தை மருத்துவர் பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிரான மருத்துவக் கவனயீன வழக்கில் நமது உச்ச நீதிமன்றம், தவறுக்கும் இழப்புக்கும் உள்ள தொடர்பை வழக்காளி நிரூபிக்கவில்லை என்று கோரிக்கையைத் தள்ளியது. "சொல்லியிருந்தால் முதுகு ஊசிக்கு ஒத்திருக்க மாட்டேன்" என்று உம்மா கூண்டில் ஏறிச் சொல்லி, குறுக்கு விசாரணையில் நிற்க வேண்டும். அவர் குணமாகிவிட்டார் என்றால் கிடைக்கும் தொகை வழக்குச் செலவுக்கே போதாமல் போகலாம்.

வைத்தியசாலைத் தலைவருக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள், அது பலன் தரும். அதோடு 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கட்டில் சிட்டை (வார்ட்டில் நோயாளியின் சிகிச்சையைக் குறித்துவைக்கும் பதிவு), மயக்க மருந்துப் பதிவு, சம்மதப் படிவம் மூன்றின் பிரதியையும் கேளுங்கள். விண்ணப்பத்தில் ஒப்பமிட வேண்டியவர் உம்மா, இந்த முறையும் நீங்கள் அல்ல! 14 வேலைநாட்களுக்குள் தகவல் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும்.

அப்படியும் வழக்கு என்றால், வழக்குக்கான காரணம் எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அரசுக்கு எதிரானது என்பதால் முன்கூட்டியே ஒரு மாத எழுத்து அறிவித்தலும் கொடுக்க வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள். நீங்கள் ஒப்பமிட்ட படிவத்தைப் போனில் படம் எடுத்திருந்தால் அழித்துவிடாதீர்கள்.