ஜீனோமை வைத்தே பாக்டீரியாவின் உப்புத் தாங்கும் திறனைச் சொல்ல முடியுமா?

கடலூர் மாவட்டம் பிச்சாவரத்துச் சேற்றில் பிரித்தெடுத்த பாக்டீரியா உப்பைத் தாங்குமா என்று, வளர்த்துப் பார்க்காமல், அதன் ஜீனோமை (முழு மரபணுத் தொகுப்பை) வைத்தே கணினி சொல்லுமா எனக் கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு சொல்லும்.

ஜீனோமில் எந்தெந்த வளர்சிதை மாற்றப் பாதைகள் (செல் ஒரு பொருளைப் படிப்படியாகத் தயாரிக்கும் அல்லது சிதைக்கும் வேதிவினைத் தொடர்கள்) உள்ளன என்று, இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 போட்டு அட்டவணை எழுதுவார்கள். உப்புத் தாங்கும் அளவு ஏற்கெனவே தெரிந்த பாக்டீரியாக்களின் அட்டவணையைக் கொடுத்து, ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் கணினி முறை) போன்ற மாடலைப் பழக்குவார்கள். உதாரணமாக, எக்டோயின் தயாரிக்கும் பாதை நல்ல தடயம்: அந்தப் பொருள் செல்லுக்குள் சேர்ந்து, வெளியே உள்ள உப்பு செல்லின் நீரை உறிஞ்சிவிடாமல் காக்கும்.

சரி, சிக்கல் எங்கே? சொந்தபந்தத்தில்தான்! நெருங்கிய இனங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்திருந்தால், மாடல் பாதையைக் கற்காமல் குடும்ப ஜாடையை மனப்பாடம் செய்துவிடும். ஒரு பேரினத்தையே (நெருங்கிய இனங்களின் தொகுதியையே) பயிற்சியிலிருந்து முழுதாக ஒதுக்கிவைத்து, அதில் சோதியுங்கள். அப்புறம், மரபணு இருந்தாலும் அது வேலை செய்யாமல் கிடக்கலாம். உப்புக் கரைசலில் ஒருமுறை வளர்த்துப் பார்த்துவிடுங்கள்.