சேவல், குஞ்சு, முட்டைக்கோழி எல்லாத்துக்கும் ஒரே தீனி போடலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணே. நாங்க நிபோங் திபால்ல இருக்கோம், வீட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன ரெபான் போட்டு செவப்பு முட்டைக்கோழி 8, ஆயாம் கம்போங் சேவல் 2, ஒரு கம்போங் பொட்டை, அதோட 5 வாரக் குஞ்சு 7, அப்புறம் செராமா குட்டைக்கோழி ஒரு ஜோடி வெச்சிருக்கேன். எல்லாத்துக்கும் லேயர் டெடாக்குதான் (முட்டைக்கோழித் தீனி), காசு கட்டுப்படியாகலன்னு பாதிக்குப் பாதி ஒடச்ச சோளம் கலந்து ஒரு பேசின்ல கொட்டி வெச்சிருவேன். மத்தியானம் மிச்ச சோறு. இப்போ முட்டை ஓடு ரொம்ப மெல்லிசா வருது, சில நாளு ஓடே இல்லாம தோல் முட்டை. குஞ்சுங்க வளரவே மாட்டேங்குது, ஒண்ணு நொண்டுது. தீனி ஒரு நாளைக்கு 2 கிலோவுக்கு மேல போவுது, எலி வேற. ஒரு செவப்புக்கோழி மத்ததுங்கள கிட்டயே விடாது. எந்த டெடாக்கு மாத்தணும்?

பதில்: வணக்கம்மா. எவ்ளோ இருக்கு, என்ன வயசு, என்ன போடுறீங்கன்னு எல்லாத்தையும் எழுதுனது ரொம்ப நல்லதா போச்சு, பாதிப் பேரு "கோழி முட்டை போடல"ன்னு ஒரு வரியோட நிறுத்திருவாங்க.

பிராண்டுல ஒண்ணும் பிரச்சனை இல்ல. ஒரே பேசின்ல ரெண்டு விதமான தேவைய போட்டு கலக்குறீங்க, அதுல முட்டைக்கோழிக்கும் பத்தல, குஞ்சுக்கும் ஒத்துக்கல. கணக்கு போட்டு பாருங்க. லேயர் டெடாக்குல புரோட்டீன் 16, 17 சதவீதம் இருக்கும், கால்சியம் மூணரைலேர்ந்து 4 சதவீதம். சோளத்துல புரோட்டீன் 8, 9தான், கால்சியம் இல்லன்னே வெச்சுக்கலாம். பாதிக்குப் பாதி கலந்தா புரோட்டீன் 12, 13க்கு எறங்கிருது, கால்சியம் ரெண்டுக்கும் கீழ போயிருது. ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் 2 கிராம் கால்சியம் வேணும். உங்க செவப்புக்கோழி ஒரு நாளைக்கு 110 கிராம் தின்னுச்சுன்னா அந்தக் கலவையிலேர்ந்து கெடைக்கிறதே ரெண்டு கிராம்தான், அதுல பாதி, இல்ல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் ஒடம்புல ஒட்டும், மிச்சத்த அது சொந்த எலும்புலேர்ந்து எடுத்து ஓடு கட்டுது, கொஞ்ச நாளைக்கு தாக்குப் புடிக்கும், அப்புறம் தோல் முட்டைதான். இதுல மத்தியானம் சோறு வேற வயித்த ரொப்பிருது.

குஞ்சு பக்கம் அப்படியே தலைகீழ். 5 வாரக் குஞ்சுக்கு புரோட்டீன் 18லேர்ந்து 20 வேணும், அதுக்கு 12தான் கெடைக்குது, பின்ன எப்படி வளரும். கால்சியம் ஒரு சதவீதம் போதும், ரெண்டு மடங்கு உள்ள போவுது. சோளம் கலக்காம வெறும் லேயர் போட்டிருந்தா நாலு மடங்கு. கூடுதல் கால்சியம் வாரக்கணக்குல உள்ள போச்சுன்னா குஞ்சோட கிட்னி கெட்டுப் போயிரும், வெளிய பாத்தா தெரியாது, நல்லா ஓடிக்கிட்டு இருந்தது ஒரு நாளு காலையில செத்துக் கெடக்கும். சேவலும் முட்டை போடப் போறதில்ல, அதுக்கும் அவ்ளோ கால்சியம் வேண்டியதில்ல, பெரிய சேவல் கொஞ்சம் தாங்கும், ஆனா வருஷக்கணக்குல போட்டா அதுக்கும் நல்லதில்ல.

அதனால கலப்புக் கூட்டத்துக்கு நான் எப்பவும் சொல்றது, பொதுத் தீனியில கால்சியம் கம்மியா இருக்கட்டும், வேணுங்கிற கோழிக்கு கால்சியத்த தனியா வைங்க. தீனிக் கடையில குரோவர், அதாவது வளர்ற கோழிக்கான தீனி கேளுங்க, புரோட்டீன் 16லேர்ந்து 18க்குள்ள, கால்சியம் ஒண்ணு பக்கம் இருக்குறதா பாத்து எடுங்க. சாக்கு வாயில தைச்சிருக்குற லேபிள்ல மலாய்ல புரோட்டீன் காசார் (மொத்தப் புரோட்டீன்), கால்சியம்னு போட்டிருக்கும், கடைக்காரர் வாய்ச்சொல்ல விட அத நம்புங்க. பிராய்லர் தீனி வேணாம், பலதுல ரத்தக் கழிச்சல் நோய்க்கான மருந்து கலந்திருக்கும், முட்டை சாப்பிடுற வீட்டுக்கு அது சரிப்படாது. முடிஞ்சா பெல்லட்டுக்குப் பதிலா நொறுக்குன கிரம்பள் வாங்குங்க, செராமாவோட சின்ன அலகுக்கு அதுதான் வாகா இருக்கும். பழசயும் புதுசயும் கலந்து ஒரு வாரத்துல மெதுவா மாத்துங்க, திடீர்னு மாத்துனா தின்ன மாட்டேன்னு அடம் புடிக்கும்.

கால்சியத்துக்கு காசு செலவு பண்ண வேணாம்மா, நம்ம பக்கம் கெராங் சிப்பி ஓட்டுக்கா பஞ்சம்? நல்லா கழுவி, உப்பு போக ஊற வெச்சு, வெயில்ல காய வெச்சு இடிங்க. மாவா இடிச்சிராதீங்க, கல் உப்பு சைஸுக்கு நிக்கட்டும். ஏன்னா ஓடு கட்டுற வேலை பெரும்பாலும் ராத்திரியிலதான் நடக்குது, மாவு உடனே கரைஞ்சு போயிரும், கெட்டித்துண்டு தீனிய அரைக்கிற அரைவைப்பையில தங்கி ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமா கரையும். அத ஒரு தனி டப்பாவுல செவுத்தோரமா மாட்டி விடுங்க, தீனியில கலக்காதீங்க. முட்டை போடுற கோழி தானா தேடி வந்து சாயந்தரமா தின்னும், சேவலும் குஞ்சும் ரெண்டு கொத்து கொத்திப் பாத்துட்டு போயிரும். அந்தச் சிப்பி ஓடு வேற, அரைக்கிறதுக்குத் தின்னுற பொடிக்கல்லு வேற, கோழிய சிமெண்டுத் தரையிலயே அடைச்சு வெச்சிருந்தா கொஞ்சம் பொடிக்கல்லும் வைங்க.

இன்னொண்ணு, நம்ம ஊரு வெயில்ல கோழி வாயத் தொறந்து மூச்சு வாங்குறப்பவும் ஓடு மெலிசாகும், மூச்சோட கரியமில வாயு போயிருறதால ஓடு கட்ட வேண்டிய சரக்கு ரத்தத்துல கொறைஞ்சிருது. அதனால தண்ணி எப்பவும் நெழல்ல இருக்கட்டும், மத்தியானம் ஒரு தடவ மாத்துங்க. தீனிய விடியக்காலையிலயும் 5 மணிக்கு மேலயும் போடுங்க, உச்சி வெயில்ல போட்டா பாதி கெடக்கும்.

இப்போ பேசினுக்கு வரேன், உங்க காசு போற எடம் இதுதான். உங்ககிட்ட இருக்குறதுக்கு நான் கணக்கு போட்டா ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோ பக்கம்தான் வருது, நீங்க ரெண்டுக்கு மேலங்கிறீங்க, அப்போ அரை கிலோவுக்கு மேல தரையிலயும் எலி வயித்துலயும் போவுது. கோழி பேசின்ல ஏறி நின்னு காலால சீய்க்கும், அது பழக்கம், திருத்த முடியாது. தொங்குற பீடர் வாங்கி, விளிம்பு கோழியோட முதுகு உயரத்துக்கு வர்ற மாதிரி சங்கிலியில மாட்டுங்க, தட்டுல மூணுல ஒரு பங்குக்கு மேல தீனி நிக்க வேணாம். உங்களுக்கு ஒரு பீடர் பத்தாது, செவப்புக்கோழி உயரத்துக்கு ஒண்ணு, செராமாவுக்குத் தாழ்வா ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மீட்டராவது இருக்கட்டும், ஒண்ணுலேர்ந்து பாத்தா இன்னொண்ணு தெரியாத மாதிரி ஒரு பலகை சாத்தி வைங்க. அந்த அதிகாரம் பண்ற கோழி ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல நிக்க முடியாதுல்ல. பைப்புல செய்யுற பீடர் நல்லாதான் இருக்கும், ஆனா சாரல் அடிக்கிற எடத்துல வெச்சா கீழ்வளைவுல தண்ணி எறங்கி கட்டியாயிரும், பூஞ்சை வந்துரும், கூரைக்கு நல்லா உள்ள தள்ளி மாட்டுனா மட்டும் வைங்க.

குஞ்சுக்கு தனியா ஒரு கூடு. பழைய கம்பிவலை இல்ல பலகைச் சட்டத்துல 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஒரு பெட்டி அடிச்சு கவுத்துங்க, உள்ள ஸ்டார்ட்டர் தீனி ஒரு சின்ன தட்டுல, பக்கத்துல தண்ணி. தாய்க்கோழி உள்ள நொழைய முடியாது, குஞ்சு நொழைஞ்சு நிம்மதியா தின்னும். செராமா ரெண்டும் நசுக்கிக்கிட்டு உள்ள போனாலும் போகும், விடுங்க, அந்தத் தீனியில அதுக்கு ஒரு கெடுதலும் இல்ல. குஞ்சு வளர வளர இடைவெளிய கொஞ்சம் கூட்டுங்க.

எல்லாத்துக்கும் போதுதான்னு எப்படித் தெரியும்னா, ராத்திரி 8 மணிக்கு கோழி ஏறி ஒக்காந்ததும் கழுத்துக்குக் கீழ இரைப்பைய தொட்டுப் பாருங்க. கொழுக்கட்ட மாதிரி உருண்டு கெட்டியா இருந்தா வயிறு ரொம்பிருக்கு. எது தட்டையா இருக்கோ அத அந்த அதிகாரம் பண்ற கோழி அடிச்சு வெரட்டுதுன்னு அர்த்தம், மூணாவதா ஒரு பீடர் மாட்டுங்க.

ராத்திரி பீடர உள்ள எடுத்து வெச்சிருங்க, தரையில கொட்டுனத கூட்டி அள்ளுங்க. எலி தீனிய மட்டுமா திங்குது, அது மூத்திரத்துல கெஞ்சிங் தீக்குஸ் நோய் (எலிக்காய்ச்சல்) வரும், உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கும் ஆபத்து. மூட்டைய பலகை மேல ஏத்தி, மூடி போட்ட தகர டிரம்முல வைங்க, ஒரு மாசத்துக்கு மேல தாங்குற அளவுக்கு வாங்காதீங்க. நம்ம ஈரக்காத்துல சோளம் சீக்கிரம் பூஞ்சை புடிக்கும், அந்த விஷம் ஈரல அரிச்சிரும், காய வெச்சாலும் வறுத்தாலும் முழுசா போகாது, பச்சையா ஏதாச்சும் தெரிஞ்சா யோசிக்காம கொட்டிருங்க. நல்ல சோளம்னா சாயந்தரம் ஒரு கைப்பிடி தூவுங்க, போதும். சோறும் அப்படித்தான், மொத்தத் தீனியில பத்துல ஒரு பங்குக்கு மேல வேணாம், கருவாட்டுத் தலை உப்புக் கறியெல்லாம் அறவே வேணாம், தேங்காய்ச் சக்கை பிழிஞ்ச அன்னைக்கே போட்டா சரி, மறுநாள் சிக்கு வாடை வந்துரும். முருங்கைக்கீரை இருந்தா கட்டித் தொங்கவிடுங்க, அதுக்கு நான் தடை சொல்ல மாட்டேன்.

நொண்டுற குஞ்ச இன்னைக்கே தனியா எடுத்து வைங்க. தீனி மாத்தி ரெண்டு வாரத்துல நடை தேறுச்சுன்னா தீனிக் கோளாறுதான். ஆனா ஒரு கால் முன்னாடி, ஒரு கால் பின்னாடின்னு நீட்டிக்கிட்டு கெடந்துச்சுன்னா அது மாரெக்ஸுங்கிற வைரஸ் நோயா இருக்கலாம், தீனியால தீராது, ரெண்டு வாரமெல்லாம் காத்திருக்காம உங்க மாவட்டத்து வெட்டெரினார் (கால்நடை) ஆபீஸுக்குக் கொண்டு போங்க. முட்டை ஓடும் ரெண்டு வாரத்துல கெட்டியாகணும். ஆகாம, வெள்ளைக்கரு தண்ணியா வந்து, கோழி இருமுற தும்முற சத்தமும் கேட்டுச்சுன்னா அதுவும் நோய்தான், ஒரு கோழியயும் ரெண்டு முட்டையயும் சேத்தே எடுத்துட்டுப் போய் காட்டுங்க, அந்த நேரத்துல புதுக்கோழி எதையும் உள்ள சேக்காதீங்க.